கோட்டைகள் ஏன் அங்கே நிற்கின்றன: தோர்தோஞ் கரையில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

தென்மேற்குப் பிரான்ஸில், செனாக் என்ற ஊரின் கடைசி வீட்டைக் கடந்ததும் சாலை மேல்நோக்கி நிமிர்கிறது. அதுவரை தோர்தோஞ் ஆற்றை ஒட்டி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் அக்ரூட் தோப்புகளுக்கும் நடுவே சிரமமில்லாமல் உருண்டுகொண்டிருந்த சைக்கிள், முதல் வளைவிலேயே கனக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கியராக இறக்கி, இறக்குவதற்கு இனிக் கியரே மிஞ்சவில்லை என்ற நிலையில், நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் நானும் நண்பரும் தோம் என்ற கோட்டையூரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். ஆற்றுமட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் அந்த ஊர் இருக்கிறது. இருபது நிமிடம் மிதித்து, வியர்வை கண்ணில் வழிய, மதில் வாசலுக்குள் நுழைந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த ஊரைப் பிடிக்க வந்தவன் இதே மேட்டைக் கவசமும் ஆயுதமும் சுமந்து ஏறி வந்திருப்பான், வாசலை எட்டும்போதே பாதி தோற்றிருப்பான்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே ஊருக்குக் குடும்பத்தோடு காரில் வந்திருக்கிறேன். அன்று நான்கைந்து நிமிடத்தில் மேலே ஏறி, வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, ஆற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினோம். ஊர் அழகாக இருந்தது என்பதற்கு மேல் எதுவும் நினைவில் தங்கவில்லை. இந்தப் பகுதியின் கோட்டைகளும் சந்தை ஊர்களும் மடங்களும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்ற கேள்வி சைக்கிளில் வந்தபோதுதான் எனக்குள் எழுந்தது. அதன்பின் ஐந்து நாளும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தோர்தோஞ் என்பது ஆற்றின் பெயர் மட்டுமல்ல, பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே உள்ள மாவட்டத்தின் பெயரும்கூட. அந்த மண்ணின் பழைய பெயர் பெரிகோர். உயர்ந்த மலை என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கே இல்லை. சுண்ணாம்புக்கல்லால் ஆன மேட்டுநிலத்தை ஆறு வளைந்து வளைந்து அறுத்துக்கொண்டு ஓடுகிறது. வளைவின் வெளிப்புறத்தில் நீர் மோதி மோதிப் பாறைச்சுவர் எழுந்து நிற்கிறது. உட்புறத்தில் வண்டல் படிந்து வயலாகிக் கிடக்கிறது. அதனால் இங்குள்ள ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் கடுமையானவை. நூறு, நூற்றைம்பது மீட்டர் ஏறி, மேட்டுநிலத்தில் சற்றே ஓடி, அடுத்த ஓடைக்கு இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் ஒரே மூச்சில் 1,000 மீட்டர் ஏறுகிறவர், இங்கே அதே உயரத்தை எட்டு ஒன்பது துண்டுகளாக ஏறி முடிப்பார். உடம்புக்கு இரண்டும் ஒன்றில்லை, துண்டுதுண்டாக ஏறுவதுதான் காலை அதிகம் வருத்துகிறது என்பது என் அனுபவம்.

இத்தகைய நிலத்துக்குச் சைக்கிளில் என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: சிறிய கியர். என் வண்டியில் முன்பக்கம் மிகச் சிறிய பற்சக்கரத்தில் 26 பற்கள், பின்பக்கம் மிகப் பெரியதில் 34 பற்கள். அந்தச் சேர்க்கையில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். ஆளும் வண்டியும் இரண்டு பக்கப் பைகளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 150 மீட்டர் தூக்குவதற்கு, சாதாரணப் பழக்கமுள்ள ஒருவர் 150 வாட் திறனோடு விடாமல் மிதித்தாலும் பதினாறு நிமிடம் ஆகும். காற்றும் சாலையின் உராய்வும் சேர்ந்தால் இருபது நிமிடம். கணக்கைத் தெரிந்துகொண்டு ஏறினால் அவசரம் வராது, அவசரம் வராவிட்டால் இறங்கித் தள்ளவும் நேராது.

கியர் மாற்றும் வசதியே சைக்கிளுக்கு இழுக்கு என்று ஒரு காலத்தில் பிரான்ஸில் பலர் கருதினார்கள். தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் கருவியை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, சாந்தெத்தியேன் நகரில் வாழ்ந்த போல் து விவி என்பவர், மேட்டில் போகிறவனுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று எழுதியும் தானே மிதித்துக் காட்டியும் வாதாடிக்கொண்டிருந்தார். வெலோசியோ என்பது அவர் புனைபெயர். 1853இல் பிறந்து 1930இல் மறைந்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பது அவர் வகுத்த நெறிகளில் ஒன்று. அதை மீறிய ஒவ்வொரு முறையும் நான் மேட்டின் நடுவில் தலைசுற்றி நின்றிருக்கிறேன். ஆகவே பாரிஸில் லா ஷப்பேல் கடைத்தெருவில் தமிழர் கடையொன்றில் வாங்கிய கடலை மிட்டாய் பாக்கெட்டுகள் இந்த முறை என் ஹேண்டில்பார் பையில் எப்போதும் இருந்தன. அரை மணிக்கு ஒரு துண்டு என்ற ஒழுங்கை நண்பரும் ஏற்றுக்கொண்டார். அவர் புதுச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட வேகமாக ஏறுகிறவர்.

போர்தோவில் இருந்து சைக்கிளை ஏற்றிச் செல்லும் வட்டார ரயிலில் சார்லா வரை வந்து அங்கிருந்து தொடங்கினோம். சார்லாவைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய வீடுகளின் கூரைகளை நின்று பாருங்கள். ஓடு கிடையாது. லோஸ் என்று அழைக்கப்படும் தட்டையான சுண்ணாம்புக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே போகப் போக உள்வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு அரை டன் அளவு பாரம். அதைத் தாங்கும் மரச்சட்டத்தைக் கட்டியவன் எத்தனை மரங்களை இழைத்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தேன். மஞ்சள் கல்லில் கட்டிய அந்தத் தெருக்கள் இன்று முழுதாக நிற்பதற்கு, பழைய நகர்ப்பகுதிகளைக் காப்பதற்கென 1962இல் பிரான்ஸ் இயற்றிய சட்டம் ஒரு காரணம். அந்தச் சட்டத்தின்படி முதலில் புதுப்பிக்கப்பட்ட நகரங்களில் சார்லாவும் ஒன்று.

சார்லாவுக்குத் தெற்கே, கைவிடப்பட்ட ரயில்பாதையின் மீது சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என அமைத்த பாதை ஒன்று ஆற்றை நோக்கி இறங்குகிறது. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தப் பாதை எங்குமே காலை வருத்துவதில்லை. வழியெல்லாம் அக்ரூட் காய்கள் உதிர்ந்து கிடந்தன. அக்டோபர் முதல் வாரம், அறுவடைக் காலம். டயருக்கடியில் அவை நொறுங்கும் சத்தத்தோடுதான் பயணத்தின் முதல் பத்து கிலோமீட்டரும் கழிந்தன. அதன்பிறகு தொடக்கத்தில் சொன்ன தோம் ஏற்றம்.

தோம் ஒரு பாஸ்தீத். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தென்மேற்குப் பிரான்ஸில் அரசர்களும் பிரபுக்களும் திட்டமிட்டுப் புதிதாக எழுப்பிய ஊர்களுக்கு அந்தப் பெயர். இதை 1281இல் நிறுவியவர் பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப். பாஸ்தீத் என்றால் சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள் நேராக இருக்க வேண்டும். ஆனால் இங்கே பாறையின் விளிம்பு எப்படிப் போகிறதோ அப்படியே மதிலும் தெருக்களும் வளைந்திருக்கின்றன. இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் கிழக்கு வாசலில், 1307க்குப் பின் டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவுப்படையின் வீரர்கள் சிறைவைக்கப்பட்டிருந்ததாகவும், உட்சுவரில் உள்ள சிலுவைக் கீறல்கள் அவர்களுடையவை என்றும் சொல்லப்படுகிறது. பாறைப்பக்கம் மதிலே தேவையில்லை என்று ஊரார் நினைத்திருந்தார்கள். கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்டண்ட்களும் மோதிய மதப்போர்க் காலத்தில், 1588இல், புரொட்டஸ்டண்ட் படைத்தலைவர் ழொஃப்ருவா து விவான் சிறு கூட்டத்தோடு இரவில் அந்தப் பாறையிலேயே ஏறி உள்ளே புகுந்து, வாசலைத் திறந்துவிட்டு ஊரைக் கைப்பற்றினார். பாறை விளிம்பில் உள்ள கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தபோது, நண்பர் "அண்ணே, இதுல எப்படிண்ணே ஏறுனாங்க?" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கண்விழித்தபோது பள்ளத்தாக்கு காணாமல் போயிருந்தது. இலையுதிர்காலத்தில் ஆற்றின் மீது மூடுபனி படர்ந்து, பாற்கடல்போல் நிரம்பிவிடும். மேடான இடங்கள் மட்டும் தீவுகளாக வெளியே தெரியும். அந்தத் தீவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம் இருந்தது. பனிக்குள் இறங்கி, பிரேக்கைப் பிடித்தபடியே பாலத்தைக் கடந்து, வடகரையோடு லா ரோக்-காஜாக் போய்ச் சேர்ந்தோம்.

பாறைக்கும் ஆற்றுக்கும் இடையில், ஒரே வரிசையில் ஒட்டவைத்தாற்போல் இருக்கிறது அந்த ஊர். தெற்கு நோக்கிய பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருவதால், குளிர்நாட்டில் வளராதவை எல்லாம் அங்கே வளர்கின்றன: பனைவகை மரங்கள், மூங்கில், வாழை. ஆம், வாழை. பிரெஞ்சுக் கிராமத்து மாதாகோயிலுக்குப் போகும் சந்தில் வாழையிலை கிழிந்து காற்றில் ஆடுவதைக் கண்டு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்தோம். அரவணைக்கும் அந்தப் பாறை ஊரைக் கொன்றும் இருக்கிறது. 1957 ஜனவரியில் பாறையின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து வீடுகளை நொறுக்கியது. மூன்று பேர் இறந்தார்கள். கரையில் இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் தட்டையான படகுகள், முன்பு கருவாலி மரப்பலகைகளைப் பெர்ஜெராக், லிபோர்ன் பக்கம் பீப்பாய்த் தச்சர்களுக்குச் சுமந்து சென்ற கபார் படகுகளின் வடிவத்தில் கட்டப்பட்டவை.

அங்கிருந்து பேனாக் ஐந்து கிலோமீட்டர். சாலை சமதளம்; ஆனால் பேனாக்கின் அடிவாரத்தில் பாறையும் ஆறும் நெருக்க, சாலை ஒடுங்கிப்போகிறது. லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் சைக்கிள்காரன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இதற்கு மாற்றாக ஆற்றின் குறுக்கே பாலங்களோடு புறவழிச்சாலை போடும் வேலை 2018இல் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்தது. 2019இல் கட்டியதை இடித்து நிலத்தைப் பழையபடி ஆக்குமாறு தீர்ப்பு வந்தது. நாங்கள் போனபோது, மேலே பாலம் இல்லாத கான்கிரீட் தூண்கள் ஆற்றில் நின்றுகொண்டிருந்தன. இந்த வழக்கில் என் மனம் இரண்டாகவே இருக்கிறது. அந்த ஒடுக்குச் சாலையில் லாரியின் காற்று என்னைத் தள்ளியபோது புறவழி வேண்டும் என்றுதான் தோன்றியது. மேலே கோட்டையிலிருந்து அந்த ஆற்று வளைவைப் பார்த்தபோது அதன் மீது இன்னொரு பாலத்தை நினைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

பேனாக் கோட்டைக்கு இரண்டு வழிகள். கார்கள் பின்புறமாகச் சுற்றி மேட்டுநிலத்தின் வழியே வருகின்றன. ஆற்றங்கரையிலிருந்து கற்கள் பாவிய சந்து ஒன்று வீடுகளுக்கு இடையே நேராக ஏறுகிறது. சைக்கிள்களைக் கீழே பூட்டிவிட்டுச் சந்து வழியாக நடந்தோம். கோட்டையின் அமைப்பை அந்தச் சந்துதான் விளக்கியது. ஆற்றுப்பக்கம் ஏறக்குறைய 150 மீட்டர் பாறை. அங்கே மதில் சாதாரணமானது. கனமான சுவர்களும், இரட்டை மதிலும், அகழியும், 12ஆம் நூற்றாண்டுச் சதுரக் கோபுரமும் மேட்டுநிலத்தைப் பார்த்த பக்கத்தில்தான் இருக்கின்றன. பகைவன் எந்தப் பக்கம் ஏறாமல் வர முடியுமோ அந்தப் பக்கம் பணத்தையும் கல்லையும் கொட்டியிருக்கிறார்கள். சிங்கநெஞ்சன் என்று பெயர்பெற்ற இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னன் இந்தக் கோட்டையைத் தன் வசம் வைத்திருந்தான். 1199இல் அவன் இறந்தபின் பேனாக் குடும்பத்துக்கே திரும்பியது.

அதன் எதிரே, தென்கரையில், சேவு ஓடை ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே காஸ்தெல்னோ. இந்த இரண்டு கோட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டின் கதையைச் சொல்ல முடியாது. அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலெனோர் 1152இல் ஹென்றி பிளாந்தஜெனேயை மணந்தார். இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். தென்மேற்குப் பிரான்ஸின் பெரும்பகுதி அந்த மணத்தோடு ஆங்கில அரசரின் கைக்குப் போனது. அதிலிருந்து முளைத்த சச்சரவுகளே பின்னர் 1337 முதல் 1453 வரை நீண்ட நூறாண்டுப் போருக்கு இட்டுச்சென்றன. அந்தப் போரில் பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கில அரசர் பக்கம். 1442இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்ல்ஸின் படைகள் முற்றுகையிட்டு காஸ்தெல்னோவை எடுத்துக்கொண்டன. பதினோரு ஆண்டு கழித்து, இதே ஆற்றின் கரையில், கீழே காஸ்தியோன் என்ற இடத்தில் நடந்த சண்டையோடு போரே முடிந்தது.

காஸ்தெல்னோவில் இப்போது இருப்பது இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம். மதில் மீது கல்லெறி இயந்திரங்களை அந்தக் காலத்து அளவிலேயே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு முனையில் கல்லும் மண்ணும் நிரப்பிய பெட்டி, மறுமுனையில் கவண். பெட்டி விழும் வேகத்தில் நீண்ட மரக்கை சுழன்று, 100 கிலோ அளவுள்ள கல்லை ஏறத்தாழ 200 மீட்டர் எறியும். அதன் அருகில் நின்ற சிறுவன் ஒருவன், எதிர்க்கரையிலுள்ள பேனாக்கைக் காட்டி, அங்கே வரை போகுமா என்று தன் தந்தையிடம் கேட்டான். நேர்க்கோட்டில் அது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போகவே போகாது. எதிரெதிரே கோட்டைகளைக் கண்டதும் இங்கிருந்து அங்கே அடித்துக்கொண்டார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சற்று முன்தான் பேனாக்கிலிருந்து பாலம் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மிதித்து வந்திருந்ததால், உண்மையில் நடந்தது என்னவென்று எனக்குப் புலப்பட்டது. இந்தப் பக்கத்துக் குதிரைவீரர்கள் ஒரு காலைப்பொழுதில் ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கத்து உழவர்களின் தானியத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பியிருக்க முடியும். இரண்டு கோட்டைகளிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மொழி பேசிய உள்ளூர்ப் பிரபுக்களும் அவர்களின் ஆட்களுமே. எந்த அரசருக்குக் கீழ்ப்படிவது என்பதில்தான் வேறுபாடு. அடி விழுந்தது நடுவில் உழுதுகொண்டிருந்தவன் தலையில்.

மூன்றாம் நாள் காலையில் மழை. காஸ்தெல்னோவிலிருந்து ஆற்றுக்கு மேலாகவே போகும் குறுகிய சாலையில் லே மிலாந்த் வந்தது. 1489இல் கட்டிய இந்த மாளிகையை 1937 முதல் வாடகைக்கு வைத்திருந்து, 1947இல் விலைக்கு வாங்கியவர் அமெரிக்காவில் பிறந்த ஆடற்கலைஞர் ஜோசபின் பேக்கர். போர்க்காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்த மறைமுக இயக்கத்துக்காக உழைத்தவர். பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து, ஒரே குடும்பமாக இங்கே வளர்த்தார். கடன் முற்றி, 1969இல் இந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். சமையலறைப் படியில் மழைத்தொப்பியும் போர்வையுமாக அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகெங்கும் போனது. 2021 நவம்பரில் பிரான்ஸ் அவருக்கு, நாட்டின் பெருமக்களுக்கான நினைவாலயமான பாரிஸ் பாந்தியோனில் இடமளித்தது. மழை விடட்டும் என்று மாளிகையின் வாசலில் நின்றிருந்தோம். அந்தப் படி எதுவாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மழை விடவில்லை. ஆற்றை நோக்கி இறங்கும்போது பின்னாலிருந்து "அண்ணே, பிரேக் பிடிக்கல!" என்று நண்பரின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி, சாலையோரப் புல்லில் ஏறி நிறுத்திக்கொண்டிருந்தார். அடிபடவில்லை. சுண்ணாம்புக்கல் நாட்டில் மழை பெய்தால் சாலையில் ஓடும் நீர் வெள்ளை அரைமாவுபோல் இருக்கும். அது ரிம்மில் படிந்து, பிரேக் கட்டையை உப்புத்தாள்போல் அராவிவிடுகிறது. முதல் நாள் காலை அரை அங்குல ரப்பர் இருந்த முன்பிரேக்கில் இப்போது உலோகம் ரிம்மைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோம், பேனாக், காஸ்தெல்னோ என ஏறிய ஒவ்வொரு மேட்டிலிருந்தும் இறங்கியதற்கான கூலி அது. மாற்றுக் கட்டைகள் என் பையில் இருந்தன. மழைக்கு ஒதுங்க இடம்தான் இல்லை.

சற்றுத் தள்ளி ஒரு பண்ணைக் கொட்டகை. வாசலில் இருந்த மூதாட்டி நாங்கள் கேட்கும் முன்பே உள்ளே வரச் சொன்னார். கொட்டகை முழுவதும் மரத்தட்டுகளில் அக்ரூட் காய்கள் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தன. ரிம்மைத் துணியால் துடைத்து, பழைய கட்டையைக் கழற்றி, புதியதன் முன்நுனி பின்நுனியைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி சாய்த்து முடுக்கினேன். அப்படிச் சாய்க்காவிட்டால் பிடிக்கும்போது கீச்சிடும். வேலையை அவர் பக்கத்திலேயே நின்று கவனித்தார். முடித்ததும், "இப்போது என் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லி, மடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, காயை நிமிர்த்திப் பிடித்து, சிறிய மரச்சுத்தியால் ஒரே தட்டு தட்டினார். ஓடு இரண்டாகப் பிளந்தது. பருப்பு உடையாமல் முழுதாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. தம் இளமையில் குளிர்கால இரவுகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இப்படி உடைப்பார்களாம், உடைந்த பருப்பு எண்ணெய்க்கு, முழுப்பருப்பு விலைக்கு. "மதாம், நான் ஒன்று முயலலாமா?" என்று நண்பர் கேட்டார். அவர் தட்டியது தூளாயிற்று. அந்தத் தூளையும் மூதாட்டி வீணாக்கவில்லை. தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார்.

அன்று மாலை பெல்வெஸ் ஏறினோம். அதுவும் மேட்டு முனையில் உள்ள ஊர்தான். சந்தைச் சதுக்கத்தின் தரைக்கடியில், பாறையைக் குடைந்து ஏழைகள் குடியிருந்த அறைகள் உள்ளன. மேலே காய்கறி விற்க, கீழே ஈரத்தில் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

நான்காம் நாள் வானம் வெளுத்தது. பெல்வெஸிலிருந்து கருவாலியும் கஷ்கொட்டையும் அடர்ந்த காட்டுச் சாலைகள் வழியே தெற்கே போனால் மோன்பாஸியே. ஐந்து நாளில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். 1284இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் பெயரால், பக்கத்துப் பிரோன் பிரபுவின் கூட்டோடு இது நிறுவப்பட்டது. நீளம் 400 மீட்டர், அகலம் 220 மீட்டர் கொண்ட செவ்வகம். தெருக்கள் நூல்பிடித்தாற்போல் நேர். மனைகள் எல்லாம் ஒரே அளவு. நடுவில் சதுக்கம், அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்கள், ஓர் ஓரத்தில் மரத்தூண்கள் தாங்கும் சந்தைக் கொட்டகை. கொட்டகைக்குள் தானியம் அளந்த பழைய மரக்கால்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் கையை விட்டுப் பார்த்தேன். உட்புறம் பல தலைமுறைக் கைகள் பட்டு வழவழவென்று இருந்தது.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி விட்டிருக்கிறார்கள். தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் இருக்க. கூரைத் தண்ணீரும் கழிவும் அதன் வழியே வடிய. என் தோளைக்கூட நுழைக்க முடியாத அந்தச் சந்துக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது, மறுமுனையில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. எழுநூறு ஆண்டுகளாக ஒருவரும் அந்த இடைவெளியை அடைத்துத் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு மதிலைவிடப் பெரிய வியப்பாக இருந்தது.

ஊர் செங்குத்துப் பாறை மீது இல்லை என்பதைக் கவனித்தேன். ஓடைக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தில், வண்டி வந்துபோகத் தோதான இடத்தில் இருக்கிறது. கோட்டை கட்டுகிறவனுக்கு ஏற முடியாத இடம் வேண்டும். சந்தை கூட்டுகிறவனுக்கு மாட்டு வண்டி ஏறக்கூடிய இடம் வேண்டும். 1272இல் எழுந்த பொமோன் ஒரு பக்கம், பிரெஞ்சுத் தரப்பு நிறுவிய வில்ரேயால் மறுபக்கம், இரண்டும் பதினைந்து கிலோமீட்டர் அளவு தள்ளி. சைக்கிளில் ஒரு மணி நேரம், தலைச்சுமையோடு நடப்பவருக்கு அரை நாள். நடுவழியில் குடியிருப்பவர் விடியலில் கிளம்பி, விற்று, வாங்கி, இருட்டும் முன் வீடு திரும்பக்கூடிய கணக்கு. குடியேறுபவர்களுக்கு மனையும் சில உரிமைகளும் கொடுத்து அழைத்தார்கள்; அரசர்களுக்கு வரியும் எல்லையில் ஆளும் கிடைத்தன. ஆனால் அந்தச் சதுக்கம் நல்லதை மட்டும் கண்டதில்லை. வரிக்கொடுமை தாங்காமல் எழுந்த உழவர் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான பூஃபாரோ என்ற நெசவாளரை 1637இல் இங்கேதான் சக்கரத்தில் கட்டி எலும்பு நொறுக்கிக் கொன்றார்கள். நாங்கள் உட்கார்ந்து காபி குடித்த தாழ்வாரத்திலிருந்து பத்தடி தூரம்கூட இராது.

பிரோன் எட்டு கிலோமீட்டர். கோட்டை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் நெருங்க நெருங்க மறைகிறது, ஏனென்றால் சாலை அதன் காலடிக்கு வந்ததும் மேடு கண்ணை மறைத்துவிடும். கோந்தோ-பிரோன் குடும்பம் இதைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. அவர்களில் சார்ல்ஸ் என்பவர், பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றியின் நம்பிக்கைக்குரிய தளபதி. பின்னர் அதே அரசருக்கு எதிராகச் சதி செய்ததாக 1602இல் பஸ்தீய் சிறைக்குள் தலை வெட்டப்பட்டார். கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் கல்லறைகள் உள்ளன, ஆனால் அதன் பெருமையாக இருந்த இரண்டு சிற்பத் தொகுதிகள் இல்லை. கிறிஸ்துவை அடக்கம் செய்யும் காட்சியும், மரித்த மகனை மடியில் கிடத்திய மாதாவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்கப்பட்டு, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை நின்ற இடம் வெறுமையாக இருப்பதை ஒரு குடும்பத்தின் இழப்பாக என்னால் பார்க்க முடியவில்லை. கோயிலிலிருந்து சிலை போன ஊர்க்காரர்களுக்கு அந்த வெறுமை எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஐந்தாம் நாள் வடக்கே திரும்பினோம். காட்டு மேட்டின் மீது வெகுநேரம் மிதித்தபின், சாலை கீழே சாயத் தொடங்கி, சாய்ந்துகொண்டே இருந்தது. புதிய பிரேக் கட்டைகளைப் பிடித்தபடி, மரங்களுக்கு நடுவே, ஓடைச் சத்தம் கேட்கும் வரை இறங்கினோம். இதுவரை போன பழைய ஊர்களில் ஏறாமல் போய்ச் சேர்ந்த இடம் அநேகமாக எதுவும் இல்லை. கதுவான் மடத்துக்குப் பிரேக் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். 1115இல் நிறுவப்பட்டு, விரைவில் சிஸ்தெர்சியன் என்ற துறவற ஒழுங்கில் சேர்ந்த இந்த மடத்தின் துறவிகள், பாதுகாப்புக்கு உயரத்தைத் தேடவில்லை. காட்டுக்குள் ஒரு பள்ளத்தை, தண்ணீர் இருக்கும் பள்ளத்தைத் தேர்ந்தார்கள்.

அவர்களிடம் ஒரு துணி இருந்தது. இயேசுவின் தலையைச் சுற்றிய துணி என்று நம்பி, நூற்றாண்டுகளாக மக்கள் அதை வணங்க வந்தார்கள். அந்தக் காணிக்கையால் மடம் செழித்தது. 1930களில் அந்தத் துணியை ஆராய்ந்தபோது, ஓரத்தில் அலங்காரக் கோடுகளாக எண்ணப்பட்டிருந்தவை அரபு எழுத்துகள் என்று தெரிந்தது. எகிப்தை ஆண்ட ஃபாத்திமித் கலீஃபா அல்-முஸ்தலியின் பெயர் அதில் நெய்யப்பட்டிருந்தது. அவர் ஆட்சி 1094 முதல் 1101 வரை. 1934இல் யாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

துணியைப் பார்த்தேன். மெல்லிய லினன், இரு ஓரங்களிலும் பட்டில் நெய்த வண்ணக் கரை, நம் ஊர்ப் புடவைக்கரை அகலத்தில். உள்ளே சிறுசிறு பறவைகள், கொடிகள், அவற்றின் பக்கத்தில் எழுத்துகள். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மஞ்சளும் சிவப்பும் மங்காமல் இருந்தன. நெசவைப் பற்றி ஓரளவு தெரிந்த நண்பர் கண்ணாடிக்கு அருகில் குனிந்து வெகுநேரம் இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். போரில் எடுத்ததோ, சந்தையில் வாங்கியதோ, எப்படியோ நைல் நதிக்கரையிலிருந்து இந்தக் காட்டுப்பள்ளம் வரை வந்து சேர்ந்த அந்தத் துணியைச் சுமந்து வந்தவரும் கடைசி வழியை நாங்கள் வந்ததுபோலவே இறங்கித்தான் வந்திருப்பார்.

வெளியே வந்தபோது மணி மூன்றாகியிருந்தது. ரயில் நிற்கும் லெ புய்சோன் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சைக்கிள் பையைத் திறந்தேன்; கடலை மிட்டாய் தீர்ந்திருந்தது. அடியில் அந்த மூதாட்டி மடித்துக் கொடுத்த காகிதப் பொட்டலத்தில் முழு அக்ரூட் பருப்புகள் இருந்தன. மடத்துச் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, இருவரும் பங்கிட்டுத் தின்றோம்.